அடுத்தவர் முகவரி அடைக்கலப் பொருள்



இந்த முறை உங்களுக்குப் புத்தி சொல்ல வரவில்லை. நான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வந்திருக்கிறேன். அதைக் கேட்ட பிறகு அதே தவறு உங்கள் வீட்டில் நடக்காமல் பார்த்துக்கொண்டால் அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

நான் பிறந்து வளர்ந்த தோட்டம் சுங்கை பாக்காப்பிலிருந்து சைக்கிளில் அரை மணி நேரம். அந்த நாளில் எங்களுக்குத் தபால் வீட்டு வாசலுக்கு வராது. தோட்ட ஆபீசுக்கு மொத்தமாக வந்து சேரும். வேலை முடிந்து, பால் நிறுத்து, குளித்துவிட்டு வந்தால் கிராணியார் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். கடுதாசியை வாங்கிக்கொண்டு பலரும் நேராகப் போவது மூன்றாவது லயத்துத் தாத்தாவிடம்தான். எங்கள் பக்கத்தில் அப்போது எழுதப் படிக்கத் தெரிந்த பெரியவர் அவர் ஒருவர்தான்.

தாத்தா அந்தக் கடுதாசியைத் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிக்க மாட்டார். கொண்டுவந்தவரைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய், மெதுவான குரலில் படித்துச் சொல்லி, மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிடுவார். ஊரிலிருந்து வரும் கடுதாசியில் என்னதான் இருக்காது? கடன் இருக்கும், சாவு இருக்கும், நின்றுபோன கல்யாணம் இருக்கும். எங்கள் தோட்டத்துச் சனங்களின் பாதி ரகசியம் அவருக்குத் தெரியும். ஒன்றாவது அவர் வாயிலிருந்து வெளியே வந்ததாக நான் கேட்டதில்லை.

தாத்தா காலமாகி வெகுகாலம் ஆகிவிட்டது. தோட்டமும் துண்டாகிப் போயிற்று. செம்பனை நின்ற இடத்தில் வீடமைப்புத் தாமான் எழும்பிவிட்டது. பிள்ளைகள் பத்து காவான் தொழிற்சாலைகளுக்கும், கூலிம், ஜோகூர், சிங்கப்பூர் என்றும் பிரிந்து போய்விட்டார்கள். ஆனாலும் ஆண்டுக்கு ஒரு முறை கோயில் திருவிழாவுக்கு எல்லாரும் கூடுவோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, திருவிழா அறிவிப்பை எல்லாருக்கும் மின்னஞ்சலில் அனுப்பலாம் என்று ஒரு தம்பி முன்வந்தான். நல்ல பிள்ளை. வீடு வீடாகப் போன் செய்து, பழைய தோட்டத்துப் பிள்ளைகளின் முகவரிகளைச் சேர்த்தான். 130-க்கு மேல் சேர்ந்தது. அத்தனை முகவரியையும் ஒரே வரிசையில் போட்டு அறிவிப்பை அனுப்பினான். எனக்கும் வந்தது. திறந்து பார்த்தால் அறிவிப்புக்கு மேலே பேரும் முகவரியுமாக வரிசையாக நின்றன. “அட, நம்ம ஆளுங்க எல்லாம் இருக்காங்களே!” என்று எனக்கு ஒரே சந்தோஷம். யோசிக்காமல் அதை அப்படியே கூலிமில் இருக்கும் என் உறவுக்காரப் பெண்ணுக்கு அனுப்பினேன். அவள் தனக்குத் தெரிந்த நாலு பேருக்கு அனுப்பினாள்.

அந்த வரிசையில் ஒரு தங்கச்சியின் முகவரியும் இருந்தது. அவள் அடி உதை தாங்காமல் கணவனை விட்டு வந்தவள். போன் எண்ணை மாற்றி, வீட்டை மாற்றி, ஒரு தொழிற்சாலை ஆபீசில் வேலை தேடிக்கொண்டு, பிள்ளையோடு ஒரு வழியாக நிம்மதியாக இருந்தாள். தம்பி கேட்டபோது அவள் கொடுத்தது ஆபீஸ் முகவரி. அதன் முன்பாதியில் அவள் பேர், பின்பாதியில் கம்பெனியின் பேர். அது போதாதா? நான் அனுப்பி, என் உறவுக்காரி அனுப்பி, மூன்றாவது கையில் அது அவள் கணவனிடம் போய்ச் சேர்ந்தது.

ஒரு நாள் வேலை முடிந்து வெளியே வந்தபோது அவன் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். ஜாகா குறுக்கே வந்து தடுத்ததால் அன்றைக்குத் தப்பினாள். ஆனால் அந்த வேலை போயிற்று, பிள்ளையின் பள்ளிக்கூடம் மாறிற்று, அவளும் மாநிலத்தை விட்டே போனாள். பிறகு ஒரு நாள் எனக்குப் போன் செய்தாள்.

“அக்கா, நான் யாரையும் குத்தம் சொல்லல. எல்லாரும் நல்லதுக்குத்தான் செஞ்சாங்க. ஆனா என் பேரு அவ்வளவு பேருக்குப் போகும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் குடுத்திருக்கவே மாட்டேன்க்கா.”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. முகவரிகளைக் கேட்டு வாங்கியவன் அந்தத் தம்பி. ஆனால் அவற்றை எங்கள் வட்டத்துக்கு வெளியே முதலில் அனுப்பியது நான். இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. இருந்தும் ஒரு பெண்ணின் குடித்தனம் மறுபடியும் கலைந்தது.

இப்படிப்பட்ட தவறு படிக்காதவர்கள்தான் செய்வார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். லண்டனில் டீன் தெரு 56 என்ற பேரில் ஒரு மருத்துவ நிலையம் இருக்கிறது. எச்.ஐ.வி. நோயாளிகளைப் பார்க்கும் இடம். 2015 செப்டம்பரில் அங்கிருந்து ஒரு செய்தி மடலை மின்னஞ்சலில் அனுப்பினார்கள். முகவரிகளை மறைத்து அனுப்புவதற்குப் பதிலாக எல்லாருக்கும் தெரியும்படி அனுப்பிவிட்டார்கள். மொத்தம் 781 முகவரிகள். அவற்றில் 730-ல் ஆளின் முழுப்பேர் இருந்தது. யாருக்குமே சொல்லாமல் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் பேர் மற்ற எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. நிலையத்தை நடத்தும் மருத்துவமனை நிர்வாகத்துக்கு 2016-ல் 1,80,000 பவுன் அபராதம் விதித்தார்கள்.

அதைவிடப் பெரிய இடத்திலும் நடந்தது. 2021 செப்டம்பரில் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சு ஆப்கானிஸ்தானில் சிக்கிக்கொண்ட 245 பேருக்கு ஒரே மின்னஞ்சல் அனுப்பியது. பிரிட்டிஷாரோடு சேர்ந்து வேலை செய்தவர்கள் அவர்கள். அப்போது அந்த நாடு தாலிபான் கைக்குப் போய்விட்டிருந்தது. யார் யார் என்று தெரிந்தால் உயிருக்கே ஆபத்து. அந்த மின்னஞ்சலிலும் எல்லா முகவரியும் எல்லாருக்கும் தெரிந்தது. 55 பேரின் சிறு படமும் கூடவே தெரிந்தது. இரண்டு பேர் ‘எல்லாருக்கும் பதில்’ என்ற பொத்தானை அழுத்திவிட்டார்கள். அவர்களில் ஒருவர் தாம் இருக்கும் இடத்தையும் எழுதிவிட்டார்! 2023 டிசம்பரில் அந்த அமைச்சுக்கு 3,50,000 பவுன் அபராதம். ஆனால் அபராதம் கட்டினாலும் போன முகவரி திரும்பி வந்துவிடுமா? பால்வாளி கவிழ்ந்தால் கொட்டிய பாலை அள்ள முடியாது என்பது பால்மரம் சீவிய நமக்குத் தெரியாததா?

இரண்டு இடத்திலும் தவறு ஒன்றேதான். முகவரியை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதில்தான் அது. அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். நம் தோட்ட ஆபீசை வைத்தே சொன்னால் சுலபமாகப் புரியும்.

கிராணியார் தட்டச்சு இயந்திரத்தில் கடிதம் அடிக்கும்போது, இரண்டு தாளுக்கு நடுவில் ஒரு கரிய தாளைச் செருகுவார், நினைவிருக்கிறதா? அதுதான் கார்பன் தாள். மேல் தாளில் அடிப்பது கீழ்த் தாளிலும் பதியும். மேல் தாள் யாருக்கு எழுதினாரோ அவருக்கு. கீழ்த் தாள் நகல். இன்னாருக்கும் நகல் போகிறது என்று கடிதத்தின் அடியில் அடித்துவிடுவார். சில சமயம் யாருக்கு நகல் போகிறது என்பது முதல் ஆளுக்குத் தெரியக்கூடாது. அப்போது மேல் தாளை எடுத்துவிட்டு, நகலில் மட்டும் அந்தப் பேரை அடிப்பார். அது மறைநகல்.

மின்னஞ்சலிலும் இந்த மூன்றும் அப்படியே இருக்கின்றன. முதல் கட்டம் ‘டு’, அதாவது பெறுநர். இரண்டாவது ‘சி.சி.’, அதுதான் பழைய கார்பன் நகல். மூன்றாவது ‘பி.சி.சி.’, அதுதான் மறைநகல். முதல் இரண்டு கட்டத்தில் போடும் முகவரிகளை, அந்த மின்னஞ்சல் கிடைக்கும் எல்லாரும் பார்க்கலாம். மூன்றாவது கட்டத்தில் போட்டால், செய்தி எல்லாருக்கும் போகும். ஆனால் ஒருவர் முகவரி இன்னொருவர் கண்ணில் படாது. எங்கள் தம்பி 130 முகவரியையும் முதல் கட்டத்தில் போட்டதற்குப் பதிலாக மூன்றாவது கட்டத்தில் போட்டிருந்தால், அந்தத் தங்கச்சி இன்றைக்கும் அதே வேலையில் இருந்திருப்பாள்.

அப்படியானால் தவறு தம்பியோடு முடிந்ததா? இல்லை. நமக்கு வந்த மின்னஞ்சலை மற்றவருக்குத் திருப்பி அனுப்பும்போது, பழைய மின்னஞ்சலின் தலைப்பகுதியும் சேர்ந்தே போகிறது. யார் அனுப்பினார், என்றைக்கு அனுப்பினார், யார் யாருக்கெல்லாம் அனுப்பினார் என்று அத்தனையும் அதில் இருக்கும். நான் விரலால் தொட்டு அந்தப் பகுதியை அழித்துவிட்டு அனுப்பியிருக்கலாம். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

“நாமெல்லாம் ஒரே தோட்டத்துச் சனம், நமக்குள்ளே என்ன ரகசியம்?” என்று சிலர் கேட்பீர்கள். என் வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். லயத்து வீட்டில் நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர். பக்கத்து வீட்டில் இருமினால் இங்கே கேட்கும், சண்டை போட்டால் கேட்கும், அழுதாலும் கேட்கும். ஆனால் கேட்டதையெல்லாம் மறுநாள் காலையில் பெரட்டில் போய்ச் சொன்னோமா? நம் தாய்மார்கள் சொல்ல மாட்டார்கள். “ராத்திரி புள்ளைக்குக் காய்ச்சலா?” என்று மட்டும் கேட்டு, கொஞ்சம் கஞ்சியைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். சுவர் மெல்லியதாக இருந்த இடத்தில் மனுஷர்கள் தங்கள் வாயைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். அன்றைக்கு ஒரு பேச்சு வெளியே போனாலும் கடைசி லயத்தோடு நின்றுவிடும். மீறிப் போனால் பக்கத்துத் தோட்டம். பேசியவர் யார், கேட்டவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். இன்றைக்கு ஒரு தொடுதலில் அது எங்கே போகிறது, யார் கையில் நிற்கிறது என்று அனுப்பியவருக்கே தெரியாது. அந்தக் கையில் ஒரு மோசடிக்காரன் இருக்கலாம், வட்டிக்காரனின் ஆள் இருக்கலாம், கை நீட்டும் கணவனும் இருக்கலாம்.

மோசடி என்றதும் 2017-ல் நம் நாட்டில் வெளியான செய்தி உங்களுக்கு நினைவு வரலாம். 4 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கைப்பேசி எண்களின் விவரங்கள் வெளியே கசிந்து விலைபேசப்பட்டன. நம் நாட்டு மக்கள்தொகையைவிட அது அதிகம்! அவ்வளவு பெரிய கசிவை நம்மால் தடுத்திருக்க முடியாது. ஆனால் மோசடிக்காரனுக்கு வெறும் எண்ணைவிட, இன்னார் இன்னாருக்கு உறவு, இன்ன கோயில், இன்ன பள்ளிக்கூடம் என்ற விவரம்தான் தேன். “கோயில் கமிட்டியிலிருந்து பேசுறேன்மா, நன்கொடை விஷயமா” என்று அவன் ஆரம்பித்தால் நம் அம்மா நம்பாமல் என்ன செய்வார்? அந்த விவரத்தை, நாம் அனுப்பும் முகவரி வரிசையே அவனுக்குக் கொடுத்துவிடுகிறது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-ல் நிறைவேறி, 2013 நவம்பர் 15-ல் நடப்புக்கு வந்தது. 2024-ல் அதைத் திருத்தி, உச்ச அபராதத்தை 3 லட்சம் வெள்ளியிலிருந்து 10 லட்சம் வெள்ளியாக உயர்த்தினார்கள். ஆனால் அது வியாபார நடவடிக்கைகளுக்கான சட்டம். அக்கா தங்கைக்கு அனுப்புவதும், மாமா மருமகனுக்கு அனுப்புவதும் அதற்குள் வராது. குடும்பத்துக்குள் நம்மைத் தடுக்கப் போலீஸ் வரப்போவதில்லை. நம் மனசாட்சிதான் வர வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? நான் பிறகு கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு முறை செய்து பாருங்கள்.

ஒன்று: பலருக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது ‘டு’ கட்டத்தில் உங்கள் சொந்த முகவரியைப் போடுங்கள். மற்ற எல்லாரையும் ‘பி.சி.சி.’ கட்டத்தில் போடுங்கள். கைப்பேசியில் ஜிமெயில் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கட்டம் முதலில் தெரியாது. ‘டு’ வரிசையின் ஓரத்தில் உள்ள சிறிய அம்புக்குறியைத் தொட்டால் விரியும்.

இரண்டு: வந்ததை மற்றவருக்கு அனுப்பும் முன், மேலே உள்ள பழைய பேர், முகவரிகளை அழித்துவிடுங்கள். அதைவிட நல்லது, வேண்டிய செய்தியை மட்டும் எடுத்துப் புது மின்னஞ்சலில் போட்டு அனுப்புவது.

மூன்று: பதில் எழுதும்போது ‘எல்லாருக்கும் பதில்’ என்பதைத் தொடாதீர்கள். அனுப்பியவருக்கு மட்டும் எழுதுங்கள். மறைநகலில் உங்கள் பேரை மறைத்து அனுப்பியிருந்தாலும், ‘டு’, ‘சி.சி.’ கட்டங்களில் வேறு யாராவது இருந்தால், அந்தப் பொத்தானால் நீங்களே உங்களை அவர்களுக்குக் காட்டிக் கொடுத்துவிடுவீர்கள்.

நான்கு: வாட்ஸ்அப்பிலும் இதே கதைதான். ஒரு குழுவில் சேர்த்தால் ஒருவர் எண்ணை எல்லாரும் பார்க்கலாம். வெறும் அறிவிப்பு அனுப்ப மட்டும் என்றால் குழு வேண்டாம். ‘பிராட்காஸ்ட்’ பட்டியல் போதும். ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், மற்றவர் எண் தெரியாது. ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஐந்து: பள்ளிக்கூட உதவிப் பட்டியல், அரிசி பருப்பு வாங்கியவர் பட்டியல், சங்க உறுப்பினர் பட்டியல் ஆகியவற்றைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். அதில் அடையாள அட்டை எண் இருந்தால் இன்னும் கவனம். அந்த 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம். 07 என்றால் பினாங்கு. ஒரு எண்ணைப் பார்த்தே ஒருவரைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்ளலாம். உதவி வாங்கியது ஊருக்குத் தெரிந்துவிட்டதே என்று குன்றிப்போகும் தாய்மாரின் முகத்தையும் நினைத்துப் பாருங்கள்.

ஆறு: யாருடைய முகவரியையாவது வாங்கும்போது, எதற்கு வாங்குகிறோம், யார் பார்ப்பார்கள் என்று சொல்லி வாங்குங்கள். வேறு காரியத்துக்கு எடுக்க வேண்டுமென்றால் மறுபடியும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் கை தவறிவிட்டால்? மறைக்காதீர்கள். அனுப்பிய சில வினாடிகளுக்குள் என்றால் ஜிமெயிலில் ரத்து செய்ய முடியும். அதிகபட்சம் 30 வினாடிதான், அதுவும் முன்பே அமைத்து வைத்திருந்தால். அது தாண்டிவிட்டால், யாருக்கு ஆபத்து அதிகமோ அவருக்கு முதலில் போன் செய்து சொல்லுங்கள். பிறகு மற்றவர்களிடம் அந்த மின்னஞ்சலை அழித்துவிடும்படி கேளுங்கள். எனக்கு முன்கூட்டியே தெரிந்து நான் ஒரு போன் செய்திருந்தால், அவள் அன்றைக்கு அந்தக் கேட்டு வழியாக வந்திருக்க மாட்டாள்.

அவளைப் போன்ற நிலையில் இருப்பவர்கள் இதைப் படித்தால், உங்களுக்கும் ஒரு வார்த்தை. 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். தாலியான் காசே என்ற உதவி எண் 15999. பண மோசடியில் சிக்கிவிட்டால் உடனே 997-க்குக் கூப்பிடுங்கள். பிறருக்குப் பேரும் முகவரியும் கொடுக்கும்போது வேலையிட முகவரியைத் தவிர்த்துவிடுங்கள். அது நீங்கள் பகலெல்லாம் எங்கே இருப்பீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

முன்பு நான் செய்த தவற்றைக் கேட்ட தம்பி வாயடைத்துப் போனான். நாங்கள் இருவரும் உட்கார்ந்து, எங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, “உங்க முகவரியை வெச்சுக்கலாமா, எடுத்துடவா?” என்று கேட்டோம். பதினோரு பேர் எடுத்துவிடச் சொன்னார்கள். காரணம் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது.

இந்த ஆண்டு அறிவிப்பு மறைநகலில் போயிற்று. அந்தத் தங்கச்சி திருவிழாவுக்கு வரவில்லை. இன்னும் அவளுக்குப் பயம் விடவில்லை. ஆனால் அபிஷேகத்துக்குப் பத்து வெள்ளி அனுப்பியிருந்தாள். ரசீதை அவள் பேரில் எழுத வேண்டாம், பிள்ளை நட்சத்திரத்தை மட்டும் சொன்னால் போதும் என்றாள். தம்பி அப்படியே எழுதினான்.

நம் பிள்ளைகள் நம்மைவிடப் படித்தவர்கள், வேகமாகத் தட்டச்சு செய்பவர்கள். மூன்றாவது லயத்துத் தாத்தாவுக்குத் தெரிந்த அந்த ஒன்றையும் அவர்களுக்கு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். இன்று ராத்திரி சோறு போடும்போது சொல்லுங்கள். அடுத்த இதழில் பார்ப்போம்.